சந்தையில் தானியம், தொட்டிலில் பட்டினி!

(வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

குழந்தைகள் பட்டினியால் வாடுகிறார்கள் என்றால், மழை பொய்த்துவிட்டது, வயல் காய்ந்துவிட்டது என்றுதான் நினைக்கிறோம். அது பாதி உண்மை. மறுபாதியை நைஜர் நாடு சொல்லும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள இந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 1971 முதல் அர்லித் என்ற ஊரில் யுரேனியம் தோண்டப்பட்டு, பிரான்சின் அணுமின் நிலையங்களுக்குப் போனது. பூமிக்கடியில் இத்தனை செல்வம் இருந்தும், உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று நைஜர்! 2012இல் அங்கு நடந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 44 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 100க்கு 73 பேருக்கு இரத்தசோகை.

இது எதனால் வருகிறது? அங்கே ஏழைக் குழந்தையின் உணவு பெரும்பாலும் கம்பங்கூழ்தான். கம்பில் இரும்புச் சத்து உண்டு. ஆனால் அதிலுள்ள வேறொரு பொருள் அந்தச் சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. இறைச்சியும் முட்டையும் வாங்க வழியில்லை. மலேரியா இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கிறது. குடற்புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது. தாய்க்கே இரத்தசோகை இருந்தால், பிள்ளை குறைந்த இருப்போடுதான் பிறக்கிறது. மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு ஆண்டுகளில் இரும்புச் சத்து குறைந்தால், பிறகு ஈடுகட்டுவது கடினம்.

வணிகப் பெருமக்களே! இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். 2004இல் நைஜரில் வெட்டுக்கிளிகள் பயிரைத் தின்றன, மழையும் குறைந்தது. 2005இல் பஞ்சம் வந்தது. ஆனால் குழந்தைகள் கூட்டம் கூட்டமாக மெலிந்து கிடந்த இடம் எது தெரியுமா? தானியம் அதிகம் விளையும் மராடி பகுதி! அங்கே கடைகளில் கம்பு இருந்தது. விலைதான் எட்டவில்லை. நைஜீரியாவில் கூடுதல் விலை கிடைத்ததால் தானியம் எல்லை தாண்டிப் போனது. அறுவடையின்போது கடனை அடைக்க மலிவாக விற்ற விவசாயியே, சில மாதங்கள் கழித்து அதே கம்பை ஏறிய விலைக்கு வாங்க நின்றார். அரசோ முதலில் இலவசமாகக் கொடுக்காமல் மலிவு விலைக்கு விற்றது. கையில் காசே இல்லாதவருக்கு மலிவு விலையும் எட்டாத விலைதானே!

அந்த ஆண்டில், 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தது. மருந்து என்ன? நிலக்கடலை விழுது. அதில் பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், சத்துப் பொருட்கள் சேர்த்து 1996இல் பிரான்சில் உருவாக்கியது. சமைக்க வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம், தாய் வீட்டிலேயே ஊட்டலாம். மிகப் பெரும்பாலான பிள்ளைகள் தேறினார்கள். 2007இல் ஐ.நா. அமைப்புகளும் இம்முறையை ஏற்றுக்கொண்டன.

ஆக, மருந்தும் உண்டு, உணவும் உண்டு. குழந்தையின் வாய்க்கு வரும் வழிதான் அடைபடுகிறது. 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தண்டனை என்று அண்டை நாடுகள் பொருளாதாரத் தடை விதித்தன. பெனின் நாட்டு எல்லையில் உணவும் மருந்தும் தேங்கின. 2024 பிப்ரவரியில்தான் தடை நீங்கியது. தளபதிகளுக்கு விதித்த தண்டனையில் பால்குடிக் குழந்தைகளுக்கும் பங்கு கிடைத்தது! இது என்ன நீதி?

நைஜர் எங்கோ இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 67 பேருக்கு இரத்தசோகை.

வணிகர்களே! நியாயமான லாபம் உங்கள் உரிமை. ஆனால் பதுக்கலை மார்க்கம் ஏன் தடுத்தது என்பதற்கு மராடிச் சந்தையே சாட்சி. ஜகாத் கணக்குப் பார்க்கும்போது, வறிய வீட்டுக் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் மறந்துவிடாதீர்கள்.

இளைஞர்களே! உங்கள் தெருவில் வீடு வீடாகச் செல்லுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு தாய்ப்பாலோடு முட்டை, மீன், பருப்பு, கீரை என்று எடுத்துச் சொல்லுங்கள். அங்கன்வாடியில் இரும்புச் சத்து மருந்தும் பூச்சி மாத்திரையும் ஒழுங்காகத் தருகிறார்களா என்று கேளுங்கள். தராவிட்டால் மனு எழுதி, பதில் வரும்வரை விடாதீர்கள்.