ஓடுகிற கருவியெல்லாம் பழுதற்ற கருவியா?

(கடியப்பட்டணத்தில் கூடிய ஆதரவாளர்களுக்கு நம் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கையால் வாங்கிய நெபுலைசரும் மேசை விசிறியும் கட்டிலுக்குக் கட்டில் எடுத்துச் செல்லப்படுகின்றன. ஒயர் இழுபடுகிறது, பிளக் அடிபடுகிறது.

மூன்று முனைப் பிளக்கில் தடித்து நீண்டிருப்பது எர்த் முனை. சொருகும்போது முதலில் தொடும். பிடுங்கும்போது கடைசியில் விடும். அது ஒடிந்தாலும் கருவி ஓடும். ஆபத்தே அதுதான். உள்ளே ஒயர் உரசி உலோக உறையைத் தொட்டால், தொடுகிறவர்மேல் 230 வோல்ட் பாயும். வியர்வையில் நனைந்து இரும்புக் கட்டிலில் கிடக்கிற நோயாளியால் கையை உதறவும் முடியாது. உப்புக்காற்று இணைப்புகளை எப்படி அரிக்கும் என்பது, வள்ளத்தில் மோட்டார் வைத்திருக்கிற உங்களுக்குத் தெரியும்.

2021 ஜனவரி 9 அன்று மகாராஷ்டிர மாநிலம் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில் தீப்பிடித்து 10 பச்சிளங்குழந்தைகள் இறந்தன. குழந்தைகளுக்குச் சூடேற்றும் கருவியில் ஏற்பட்ட மின்கோளாறு காரணமாகச் சொல்லப்பட்டது.

சோதனை பெரிய காரியமல்ல. பிளக், ஒயர் இரண்டையும் முதலில் கண்ணால் பார்க்கவேண்டும். பிறகு எர்த் தொடர்ச்சியை மீட்டரில் அளக்கவேண்டும். விசிறி, கெட்டில் போன்றவற்றில் 500 வோல்ட் மெக்கரால் இன்சுலேஷன் பார்க்கவேண்டும். எர்த் உள்ள கருவி 1 மெகாஓமுக்குக் குறைவாகக் காட்டினால் வார்டுக்குத் திரும்பக்கூடாது. மருத்துவக் கருவிகளை அதற்கென்று பயின்றவரே சோதிக்கவேண்டும்.

புதுக் கருவிக்குக் கொடுக்கிறவர்கள் உண்டு. சோதனைக்குக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அடுத்த காணிக்கையில் ஒரு பங்கை இதற்கென்று குறித்துக் கொடுங்கள். கருவியின்மேல் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. பக்கத்தில் சோதித்த தேதியும் இருக்கட்டும்.