கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து பார்ப்போம்



நம் கோவை, மில் சங்கைக் கேட்டு வளர்ந்த ஊர். 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியதிலிருந்து எத்தனையோ ஆலைகள் எழுந்தன. அவற்றுள் பல சங்கு ஊதுவதை நிறுத்தியும் விட்டன. ஆகவே, உயர்ந்து விழுந்த ஒரு கம்பெனியின் கதை நமக்குப் புதிதல்ல. இன்று கடல் கடந்த ஒரு கதையைக் கேட்போம்.

1982இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் மார்க் பட்லர், டேவிட் லாசன் என்ற இரு இளைஞர்கள் 'இமேஜின்' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். டிவி பெட்டியோடு இணைத்துப் பயன்படுத்தும் சிறிய கம்ப்யூட்டர்கள் அங்கே வீடுகளுக்குள் நுழைந்த காலம் அது. அவற்றில் விளையாடும் விளையாட்டுகளை, நாம் பாட்டுக் கேட்ட அதே கேசட்டுகளில் பதிந்து விற்றார்கள். முதல் விளையாட்டான 'ஆர்கேடியா' நன்றாக விற்றது. விலையுயர்ந்த கார்கள் வந்தன. மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கும் பணம் போனது. அங்கே வேலை பார்த்த பதின்வயதுப் பையன் ஒருவனுக்கு ஆண்டுக்கு 35,000 பவுண்டு சம்பளம் என்று பத்திரிகைகள் எழுதின.

1983 கிறிஸ்துமஸ் விற்பனைக்கு முன், போட்டியாளர்களுக்கு இடம் கிடைக்கக் கூடாது என்று, கேசட் பதியும் ஆலையின் நேரத்தை இவர்களே மொத்தமாகப் பிடித்துக்கொண்டார்கள். விளைவு? விற்காத கேசட்டுகள் கிடங்கில் குவிந்தன. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. வழக்கமான விளையாட்டின் விலை ஐந்தரை பவுண்டு. நாற்பது பவுண்டு விலையில் இரண்டு மாபெரும் விளையாட்டுகள் வரப்போவதாக விளம்பரம் செய்தார்கள். அவை கடைக்கு வரவேயில்லை. வளர்ச்சியைப் படம்பிடிக்க வந்த பிபிசி குழு, வீழ்ச்சியைத்தான் படம்பிடித்தது. விளம்பரக் கடனைக்கூட அடைக்க முடியாமல், 1984 ஜூலை 9 அன்று நீதிமன்ற ஆணைப்படி கம்பெனி மூடப்பட்டது.

அன்பர்களே, லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட விரும்பும் ஒருவரைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். தம்மைப் பின்பற்ற வருவோர் அதன் விலையை அறிந்து வரவேண்டும் என்பதற்காகச் சொன்ன உவமை அது. கோபுரமே கட்டாதே என்று அவர் சொல்லவில்லை. முதலில் உட்கார்ந்து கணக்குப் பார் என்கிறார். கனவு காண்பது பாவமல்ல. உட்கார மறுப்பதுதான் ஆபத்து.

இது லிவர்பூல் கதை மட்டுமா? கணபதியில் பட்டறை வைத்திருப்பவர், சோமனூரில் தறி ஓட்டுபவர், மகள் கல்யாணத்துக்குத் தகுதிக்கு மேல் பெரிய மண்டபம் பிடித்தவர் என்று நம்மில் எத்தனை பேர்! ஆர்டர் குறைந்துவிட்டது, தவணை நிற்கிறது. ஆனாலும் காலையில் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறோம். மனைவிக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியாது. "நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்ற ஒரே பயம். அந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்து, விபரீத முடிவு வரை போன குடும்பத் தலைவர்களை நாம் அறிவோம்.

அதே அதிகாரத்தில் அடுத்த உவமையையும் பாருங்கள். வெல்ல முடியாது என்று அறிந்த அரசன், எதிரி தொலைவில் வரும்போதே சமாதானம் பேசத் தூது அனுப்புகிறான். கடன்காரர் வாசலுக்கு வருமுன் நாமே போய்த் தவணை கேட்பது அவமானமல்ல, விவேகம்.

இன்னொன்றும் உண்டு. கோபுரத்தை முடிக்க முடியாதவரைப் பார்த்து ஏளனம் செய்வோரும் அந்த உவமையில் இருக்கிறார்கள். நம் பங்கில் ஒருவர் தொழிலில் நொடிந்தால், அந்தக் கூட்டத்தில் நாம் நிற்கிறோமா, அல்லது அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறோமா? சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயத்தில்தான் பலர் சொல்லாமலே இருக்கிறார்கள்.

இமேஜின் விழுந்த அதே ஆண்டில், அதே நகரில், அங்கிருந்து வந்தவர்கள் 'சிக்னோசிஸ்' என்ற புதிய கம்பெனியைத் தொடங்கினார்கள். 1993இல் அதை சோனி நிறுவனம் வாங்கும் அளவுக்கு அது வளர்ந்தது. பெயர்ப்பலகை விழுந்தாலும் கையிலிருந்த தொழில் போகவில்லை. விழுந்தவரை எழுப்புவதே நம் ஆண்டவரின் வழக்கம்.

இன்று இரவு ஜெபமாலை முடிந்ததும், கணக்கு நோட்டைக் குடும்பமாகத் திறப்போம். மறைத்ததைச் சொல்வோம். கேட்பவர் கோபப்படாமல் கேட்போம். அதுவும் ஒரு செபமே.

ஆண்டவரே, உட்கார்ந்து பார்க்கும் துணிவையும், விழுந்தவரைத் தாங்கும் அன்பையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.