வாசிக்கத் தடுமாறும் மாணாக்கரும் எமது பாடசாலைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அதிபர்களும் ஆசிரியர்களும் நிறைந்த இச்சபையிற் பாடசாலைகளுக்கு ஆலோசனை கூற வாலிபர்களாகிய நாம் எழுந்து நிற்பது சற்றுத் துணிவான காரியமே. நாம் ஆசிரியருமல்லோம், வைத்தியருமல்லோம், பல்கலைக்கழகத்தில் இன்னும் பயின்றுகொண்டிருப்பவர்கள். ஆயினும், நாமே செய்த ஒரு பிழையினால் நாம் கற்றுக்கொண்டதை எடுத்துச் சொல்ல எமக்கு உரிமையுண்டென நம்புகின்றோம்.

எமது ஞாயிறு அறநெறி வகுப்பிற்குப் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். பண்ணிசைப் போட்டியில் ஒரு பதிகம் முழுவதையும் ஒரு சொல்லேனும் வழுவாமற் பாடினான். அப்பாச்சி பாடக் கேட்டே பாடமாக்கியதாகச் சொன்னான். சபையிலிருந்த முதியவர் சிலர் கண்கலங்கினர். அடுத்த மாதம் சைவசமய எழுத்துப் பரீட்சை நடந்தது. அதே சிறுவன் நூற்றுக்கு ஒன்பது புள்ளி பெற்றான். நாம் வழமைபோல எல்லாருடைய புள்ளிகளையும் சபையிலே உரத்து வாசித்தோம். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் அதன்பின் வரவில்லை.

வீடு தேடிச் சென்றபோது தாயார் சொன்னார்: "அவனுக்குப் படிப்பு ஏறாது தம்பிமார். பள்ளிக்கூடத்திலையும் மொக்கன் எண்டுதான் சொல்லுகினம். மாமான்ரை கடையிலை விடப்போறம்." நாம் அந்த வினாத்தாளை அவனுக்கு வாசித்துக் காட்டி, வாயால் விடை கேட்டோம். ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றிற்கும் சரியாகப் பதில் சொன்னான். ஒன்பது புள்ளி அவனுடைய சமய அறிவின் அளவன்று. எமது பரீட்சை முறையின் குறையே அது என அன்று உணர்ந்தோம்.

இத்தகைய பிள்ளைகளை உலகம் அறியாமலில்லை. 1896 ஆம் ஆண்டில் பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில வைத்தியர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். அவன் கூர்மையான புத்தியுள்ளவன், கணக்கிலே தேர்ந்தவன், ஆனாற் பல ஆண்டு முயன்றும் எளிய சொற்களைக்கூட வாசிக்க இயலாதவன். கற்பித்தல் முழுவதும் வாய்மொழியாய் நடந்தால் இவனே பாடசாலையின் முதல் மாணவனாக விளங்குவான் என அவனுடைய ஆசிரியர் கருதியதையும் அவர் குறித்துள்ளார். இந்நிலையை இன்று டிஸ்லெக்சியா என்பர். இப்பெயரை 1887 இல் வழங்கியவர் ருடோல்ப் பேர்லின் என்னும் ஜேர்மானியக் கண் வைத்தியர். இது கண்ணின் நோயன்று, மந்தபுத்தியுமன்று, சோம்பலுமன்று. சொல்லின் ஒலிகளைப் பகுத்தறிந்து அவற்றை எழுத்தோடு விரைவாக இணைக்கும் வேலையில் மூளை வேறு விதமாய்த் தொழிற்படுவதே இதன் இயல்பு. பல குடும்பங்களில் இது வழிவழியாய் வருவதுண்டு.

இது ஆங்கிலத்திற்கே உரிய தொல்லையென்று சிலர் நினைப்பர். எமது அரிச்சுவடியைச் சற்று நோக்குங்கள். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்கள். 'கெ' என்பதில் கொம்பு முன்னே நிற்கின்றது. அதன் ஒலியோ பின்னே வருகின்றது. 'கொ' என்பதில் உயிரின் குறி மெய்யின் இருபுறமும் நிற்கின்றது. 'கௌரி' என்பதைப் பிள்ளை 'கெளரி' என வாசித்தால் அதன்மேற் குற்றமில்லை. கண்ணுக்கு அப்படித்தான் தெரிகின்றது. 'கல்', 'பகல்', 'தங்கம்' என்னும் மூன்றிலும் ககரம் ஒன்றே; ஒலி வேறு. ரகர றகரமும், லகர ளகர ழகரமும், நகர னகர ணகரமும் தனித்தனியே நினைவில் நிற்கவேண்டும். இவற்றோடு, வீட்டில் 'அவையின்ரை' என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் 'அவர்களுடைய' என்று காண்கின்றது. பெரும்பாலான பிள்ளைகள் இம்மேட்டை ஓரிரு ஆண்டில் ஏறிவிடுகின்றனர். சிலருக்கு அது செங்குத்தான மலையாகின்றது.

செவி வழியாய்க் கற்றல் எமது சமயத்திற்குப் புதிதா? வேதத்தை எழுதாமறை என்றனர் முன்னோர். ஓதுவார்கள் திருமுறையைக் குருவின் வாயிலிருந்தே பெற்றனர். கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் கேள்விக்கெனவும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஏடு தொடக்கும் நாளிற் பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் 'அ' எழுதுவிக்கின்றோம். எழுதும்போதே உரக்கச் சொல்லவும் செய்கின்றோம். கையும் நாவும் செவியும் கண்ணும் ஒருங்கே தொழிற்படும் முறை அது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு இன்றைய வல்லுநர் விதந்துரைக்கும் வழியும் ஏறக்குறைய அதுவே. நாமோ விசயதசமியன்று ஒருநாள் அதைச் செய்துவிட்டு மறுநாளே தட்டை எடுத்து வைத்துவிடுகின்றோம்.

ஆறுமுகநாவலர் அவர்களையும் இங்கே நினைவுகூர்தல் தகும். மிசன் பாடசாலையிற் பயின்ற அப்பெருமான், 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிள்ளைகள் படிப்படியாய் ஏறும்படி பாலபாடங்களை எழுதினார். பிள்ளையின் படிக்குப் புத்தகத்தை இறக்கி வந்தவர் அவர். அந்தப் பணியை அடுத்த படிக்குக் கொண்டுசெல்லும்படியே பாடசாலைகளை வேண்டுகின்றோம்.

எமது வேண்டுகோள்கள் இவை:

முதலாவது, தீர்ப்புக் கூறுமுன் ஆராய்க. இரண்டாந்தரம் முடியும்போதும் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையின் கண்ணையும் காதையும் முதலிற் பரிசோதிப்பிக்க வேண்டும். இடம்பெயர்வினாலோ பசியினாலோ பாடம் தவறியிருக்கலாம். அதையும் விசாரிக்க வேண்டும். பின்னரும் ஐயமிருந்தால் வைத்தியசாலையிலுள்ள குழந்தைநல வைத்தியரிடம் அனுப்புக. ஆசிரியர் தாமே நோய்ப்பெயர் சூட்டுதல் கூடாது.

இரண்டாவது, மணலிலும் அரிசியிலும் எழுதுவித்தலைத் தொடர்க. ஒருநாளைக்கு ஓரிரு எழுத்துப் போதும். சொல்லைத் துண்டுதுண்டாய்க் கைதட்டிச் சொல்லுவித்து, பின் எழுத்தைக் காட்டுக. நேற்றுக் கற்றதை இன்றும் நாளையும் மீட்டுக.

மூன்றாவது, முன்னறிவித்தலின்றி வகுப்பின் நடுவே எழுப்பி வாசிக்கச் சொல்லாதிருங்கள். வாசிப்பிக்க வேண்டுமாயின் முதல்நாளே பகுதியைக் குறித்துக் கொடுங்கள். பிரம்பைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை; 2005 இலேயே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை உடற்றண்டனையை விலக்கிவிட்டது. சிரிப்பொலியும் ஒரு பிரம்பே. எமது வகுப்பில் நாமே அதை ஓங்கினோம்.

நான்காவது, சமயத்தையோ விஞ்ஞானத்தையோ சோதிக்கும்போது அப்பாடத்தையே சோதியுங்கள். எழுத்துப் பிழைக்குப் புள்ளி குறையாதீர். வகுப்புப் பரீட்சைகளில் வினாவை வாசித்துக் காட்டுதலும், வாயால் விடை பெறுதலும், மேலதிக நேரம் வழங்குதலும் அதிபரின் அதிகாரத்துக்குட்பட்டவை. பொதுப் பரீட்சைக்குரிய சலுகைகளை விண்ணப்ப முடிவுக்கு நெடுமுன்னரே பெற்றாரோடு கூடி விசாரித்தல் அதிபரின் கடன்.

ஐந்தாவது, பிள்ளைக்குக் கைவந்த ஒன்றைத் தண்டனையாகப் பறிக்காதீர். வாசிப்பிற் பின்தங்கியதற்காகப் பாட்டையும் பந்தாட்டத்தையும் நிறுத்தினால், அவன் தலைநிமிர்ந்து நிற்கும் ஒரே இடமும் போய்விடும்.

வாசிப்பைப் பற்றியே இதுவரை பேசினோம். ஓரிடத்தில் இருக்க இயலாத பிள்ளையும், சந்தடியைக் கேட்டாற் காதைப் பொத்தும் ஓட்டிசமுள்ள பிள்ளையும் வேறு வேறு உதவி வேண்டி நிற்பவர்கள். முன்னவனுக்குச் சிறு சிறு வேலையாய்ப் பகுத்துக் கொடுத்து இடையிடையே எழுந்து நடக்க விடவேண்டும். பின்னவனுக்கு அன்றைய நேரசூசியை முன்கூட்டியே காட்டி, அமைதியான ஓர் ஆசனம் தரவேண்டும். எல்லார்க்கும் பொதுவான விதி ஒன்றே: பிள்ளை ஏன் இப்படிச் செய்கின்றான் என வினவிய பின்னரே கோபங்கொள்க.

1994 இற் சலமங்காவிற் கூடிய 92 அரசுகளின் பிரதிநிதிகள், எல்லாப் பிள்ளைகளையும் பொதுப் பாடசாலையே ஏற்கவேண்டுமென்ற கொள்கையை வெளியிட்டனர். இலங்கையும் உடல், உளக் குறைபாடுடையோரின் கல்வியுரிமையைக் கூறும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. ஆனால் நாற்பது பிள்ளைகளோடு தனியே நிற்கும் ஆசிரியருக்குக் கொள்கை மட்டும் கைகொடாது. ஆகவே இளைஞர்களை வேண்டுகின்றோம்: கிழமைக்கு ஒருமணி நேரம் அயற்பாடசாலைக்குச் சென்று ஒரு பிள்ளையின் அருகிலிருந்து வாசியுங்கள். பெற்றாரை வேண்டுகின்றோம்: பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியோடு உங்கள் பிள்ளையை ஒப்பிடாதீர்.

எமது சங்கம் தன் பங்கைத் தொடங்கிவிட்டது. சமயப் பரீட்சையை எழுத்திலோ வாய்மொழியிலோ தரலாம் என விதி மாற்றியுள்ளோம். புள்ளிகளைச் சபையில் வாசிக்கும் வழக்கத்தையும் நிறுத்தினோம். அந்தச் சிறுவனிடம் சென்று மன்னிப்பும் கேட்டோம். கடந்த ஞாயிறு வந்திருந்தான். கரும்பலகையைப் பாராமற் கடைசி வாங்கிலிருந்தான். கூட்டுப் பிரார்த்தனையில் மட்டும் அவன் குரல் எல்லார்க்கும் மேலாய்க் கேட்டது. கடைக்கு அனுப்பும் எண்ணத்தைத் தாயார் இன்னும் முற்றாகக் கைவிடவில்லை. அவன் பாடசாலையில் நிலைப்பதும் நீங்குவதும் இச்சபையிலுள்ள அதிபர்கள், ஆசிரியர்களின் கையில் இருக்கின்றது.