இலைத்துளையும் மரபணுக்களும்: கருத்தரங்கத் தலைமையுரை

 

ஓர் இலையின் செல்கள் அனைத்திலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். ஆனாலும் ஒரு செல் தட்டையான புறத்தோல் செல்லாகிறது; இன்னொன்று தூவியாக நீள்கிறது; வேறொன்று காப்புச் செல்லாகி இலைத்துளையைத் திறந்து மூடுகிறது. எந்த மரபணு, எந்தச் செல்லில், எப்போது இயங்குகிறது என்பதுதான் இவற்றைப் பிரிக்கிறது. இதில் நாம் தெளிவாக அறிந்திருப்பது இலைத்துளை உருவாகும் முறையை.

அராபிடாப்சிஸ் செடியில் மூன்று படியெடுத்தல் காரணிகள் அடுத்தடுத்து இதை நடத்துகின்றன என்பதை 2006, 2007ஆம் ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டின. ஸ்பீச்லெஸ், இளம் செல்லைச் சமமற்ற இரு செல்களாகப் பிரியவைக்கிறது. அது பழுதானால் இலையில் ஒரு துளைகூட உருவாவதில்லை. மியூட், அந்தப் பிரிதலை நிறுத்திக் காப்புத் தாய்ச்செல்லை உருவாக்குகிறது. ஃபாமா இல்லாவிட்டால் தாய்ச்செல் மேலும் மேலும் பிரிந்து, துளையற்ற சிறு செல் வரிசையே மிஞ்சும்.

துளை எங்கே வரக்கூடாது என்பதை அண்டைச் செல்கள் தீர்மானிக்கின்றன. இ.பி.எஃப்.1, இ.பி.எஃப்.2 என்னும் சிறு புரதங்கள் செல்லிலிருந்து சுரந்து, பக்கத்துச் செல்லின் எரெக்டா குடும்ப ஏற்பிகள் வழியாகத் துளை உருவாவதைத் தடுக்கின்றன. இரு துளைகளுக்கு இடையே குறைந்தது ஒரு செல்லாவது இருப்பதற்கு இத்தகைய தடைதான் காரணம்.

அராபிடாப்சிஸில் கற்றதை நெல்லுக்கு அப்படியே பொருத்திவிட முடியுமா? முடியாது என்பதே என் கருத்து. புல்வகைகளில் காப்புச் செல்களின் இருபுறமும் துணைச் செல்கள் உண்டு. பிராக்கிபோடியம் என்னும் புல்லில் மியூட் புரதம் பக்கத்துச் செல்லுக்குள் நகர்ந்து, இந்தத் துணைச் செல்களையும் உருவாக்குகிறது என்பது 2017இல் தெரியவந்தது. அராபிடாப்சிஸில் அது அவ்வாறு நகர்வதில்லை. மரபணு ஒன்றே, பணி வேறு.

இதன் பயன் வயலுக்கும் உண்டு. ஐஆர்64 நெல்லில் இ.பி.எஃப்.1 மரபணுவின் செயல்பாட்டைக் கூட்டியபோது துளைகள் குறைந்தன, நீர்ச்செலவும் குறைந்தது, பயிர் வறட்சியைக் கூடுதலாகத் தாங்கியது என 2019இல் ஓர் ஆய்வு அறிவித்தது. ஆனால் துளை மிகவும் குறைந்தால் கார்பன் டைஆக்சைடு உட்புகுவதும் இலை குளிர்வதும் பாதிக்கப்படலாம். எவ்வளவு குறைக்கலாம் என்பதை ஒவ்வொரு பயிரிலும் தனித்தனியே சோதித்தே அறிய வேண்டும்.

எனவே இங்கே கட்டுரை படிக்க வந்துள்ள இளம் ஆய்வாளர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. அராபிடாப்சிஸ் போன்ற மாதிரிச் செடியோடு நின்றுவிடாதீர்கள். நெல், கேழ்வரகு, கம்பு ஆகியவற்றின் இலைகளையே நேரடியாக ஆராயுங்கள். ஆய்வகத்தில் கண்ட முடிவை வயலில் சோதித்த பிறகே பரிந்துரையுங்கள். இவ்வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.