கடல் நடுவே ஒரு முகவரி

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பயண இலக்கியம் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பயணம் என்றவுடன் புறப்பட்டுச் செல்வோரையே நாம் நினைக்கிறோம். வழியில் அவர்களை வரவேற்போரை நினைப்பது அரிது. ஆகவே, பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு கடல் கடப்போரையும், அவர்கள் நன்றியோடு நினைக்கும் ஒரு துறைமுகத்தையும் பற்றிப் பேச எண்ணுகிறேன். அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, போர்ச்சுகல் நாட்டுக்கு உரிய அசோர்ஸ் தீவுகளுள் ஒன்று ஃபயால். அதன் துறைமுக நகரம் ஓர்ட்டா.

படகில் குடியிருப்பது படங்களில் காண்பது போன்ற இன்ப வாழ்வு அன்று. முப்பது, நாற்பது அடி நீளத்துக்குள் அடுப்பும் படுக்கையும் பண்டங்களும் அடங்க வேண்டும். குடிநீரை அளந்து செலவிட வேண்டும். இருவர் செல்லும் படகில் ஒருவர் விழித்திருக்க மற்றவர் உறங்குவார். முழு இரவு உறக்கம் வாரக்கணக்கில் கிட்டாது. இவையெல்லாம் பழகிவிடும். ஆனால், முகவரி இல்லாமை எளிதில் பழகுவதில்லை. தெருவும் கதவிலக்கமும் இல்லாதவனுக்கு, ஊரில் தாய் நோயுற்ற செய்தியை எங்கே எழுதுவது? கடலில் செல்வோர் கையில் தொலைபேசி இல்லாத காலத்தில் இது சிறிய கவலை அன்று.

கரீபியன் தீவுகளிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பும் பாய்மரப் படகு நேராகக் கிழக்கு நோக்கிச் செல்வது கடினம். அங்கே நிலையாக வீசும் கீழைக்காற்று எதிர்த்து நிற்கும். வடக்கே ஏறி, மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்த பின்னரே கிழக்கே திரும்ப இயலும். அவ்வழியில் பெர்முடாவிலிருந்து ஏறத்தாழ 1,800 கடல்மைல் கடந்தால் ஃபயால். அங்கிருந்து லிஸ்பன் இன்னும் சுமார் 900 கடல்மைல். எதிர்த் தீவான பீக்கோவின் 2,351 மீட்டர் உயர மலை தொலைவிலேயே வழி காட்டும். ஓர்ட்டாவை மாலுமிகளின் வழியில் வைத்தது காற்று. அதை நட்புத் துறைமுகம் ஆக்கியவர்கள் அவ்வூர் மக்கள்.

தனியொருவராகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோக்கம். சிப்பி எடுக்கும் பழைய படகொன்றைத் தம் கையாலேயே மீண்டும் கட்டி, 36 அடி 9 அங்குல நீளமுள்ள அந்த 'ஸ்ப்ரே'யில் 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். 1898 ஜூன் 27 அன்று அமெரிக்கக் கரைக்குத் திரும்பியபோது அவர் கடந்திருந்த தொலைவு 46,000 மைல். 1900-இல் வெளிவந்த அவருடைய பயண நூலில் ஓர்ட்டாவுக்கும் இடம் உண்டு. 1895 ஜூலை 20 அன்று அங்கே நங்கூரமிட்டவர் இரண்டு நாள் தங்க எண்ணி நான்கு நாள் தங்கினார். தீவு மக்களின் அன்பே தம்மை நிறுத்திவிட்டதாக எழுதுகிறார். அங்குக் கிடைத்த பிளம் பழங்களையும் பீக்கோவின் வெண்ணிறப் பாலாடைக்கட்டியையும் உண்டு, கடலில் வயிற்று வலியால் மயங்கிக் கிடந்த இரவில், கொலம்பஸ் காலத்து மாலுமி ஒருவன் வந்து சுக்கான் பிடித்ததாகத் தாம் கண்ட காட்சியையும் விவரிக்கிறார். விருந்தோம்பலுக்கும் அளவு வேண்டும் போலும்!

1918-இல் ஹென்ரிக்கே அசெவேடோ என்பவர் ஓர்ட்டாவின் துறைமுக வீதியில் ஒரு காப்பிக் கடை திறந்தார். அவருடைய மகன் ஜோசேயை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலக் கப்பல் அதிகாரி ஒருவர் தம் மகனின் நினைவாகப் 'பீட்டர்' என்று அழைக்க, அதுவே கடைக்கும் பெயராகிப் 'பீட்டர் கஃபே ஸ்போர்ட்' ஆயிற்று. கடல் கடப்போரின் கடிதங்கள் அக்கடைக்கு வந்து சேர்ந்தன. இன்ன பெயரினர், இன்ன படகு என்று எழுதினால் போதும். உரியவர் கரையேறும்வரை கடிதம் காத்திருக்கும். முகவரி அற்றவர்களுக்கு ஒரு காப்பிக் கடை முகவரி ஆயிற்று. ஜோசே 2005-இல் மறைந்தார்; குடும்பத்தார் கடையைத் தொடர்ந்து நடத்துகின்றனர்.

இந்த அன்பு எங்கிருந்து பிறந்தது? என் கருத்தைச் சொல்கிறேன். ஃபயால், பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த தீவு. அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அங்கே நின்று இளைஞர்களை ஏற்றிச் சென்றன. 1957 செப்டம்பரில் கப்பெலின்யோஸ் எரிமலை வெடித்து, வயல்களும் வீடுகளும் சாம்பலில் புதைந்தன. அமெரிக்கா 1958-இல் தனிச் சட்டம் இயற்றி இடம் அளிக்க, பலர் குடும்பத்தோடு வெளியேறினர். ஸ்லோக்கத்தின் நூலில் அன்டோனியோ என்னும் தீவு இளைஞன் வருகிறான். பாஸ்டனில் இருக்கும் ஜான் வில்சனைத் தெரியுமா என்று அவரிடம் ஆவலோடு விசாரிக்கிறான். அந்தப் பெருநகரில் ஒரு ஜான் வில்சனை எப்படி அறிவது என்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால், கடலுக்கு அப்பால் தமக்கு ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணமே அக்கேள்வியில் பேசுகிறது. கடிதத்துக்குக் காத்திருந்த ஊருக்குப் பிறர் கடிதத்தின் அருமை தெரியாதா?

வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். வீடு உடையவனே விருந்தை ஓம்ப இயலும். வீடற்ற விருந்தினன் என்ன கைம்மாறு செய்வான்? ஓர்ட்டாவின் துறைமுகச் சுவர்களைக் கண்டவர் விடை அறிவர். வந்து போகும் படகினர் பலரும் தம் படகின் பெயரையும் ஆண்டையும் அங்கே ஓவியமாகத் தீட்டுகின்றனர். தீட்டாமல் புறப்பட்டால் பயணம் நலமாக அமையாது என்பது மாலுமிகளின் நம்பிக்கை. வெயிலும் உப்புக் காற்றும் மழையும் அந்த வண்ணங்களை விரைவில் மங்கச் செய்கின்றன. மீண்டும் வருவோர் பழைய ஓவியத்தைத் தேடிக் கண்டு, புதிய வண்ணம் பூசி, அருகில் புதிய ஆண்டை எழுதுவர்.

இன்று அங்கே 1986-இல் திறந்த படகுத்துறை இருக்கிறது. நிற்பதற்குக் கட்டணமும் உண்டு. செய்திகள் விண்வழியே வருகின்றன. ஆயினும் மக்கள் நடுக்கடலிலிருந்து வந்து அந்தக் காப்பிக் கடையில் அமர்கிறார்கள். சுவரில் ஓர் இடம் தேடுகிறார்கள். தம்மை எதிர்பார்க்கும் ஓர் இடம் வேண்டும் என்னும் ஆசை கருவிகளால் தீர்வதில்லை.

அன்பர்களே, பத்தாண்டுகளாக இவ்வட்டத்துக்கு வந்தவர் பலர். வேலைக்கும் குடும்பத்துக்கும் எனப் பிரிந்து சென்றவரும் பலர். அவர்கள் என்றேனும் திரும்பி வந்தால் இருக்கை காலியாக இருக்கட்டும். பெயர் சொல்லி அழைக்க ஒருவர் இருக்கட்டும். அடுத்த பத்தாண்டுகளுக்கு இப்பணி ஒன்றே போதும் என்று கருதுகிறேன்.