திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டபம்



மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகரில் 1994ஆம் ஆண்டு முதல் உலகத் தெய்விக இசைவிழா நடைபெற்று வருகிறது. பழைய மதில்களை ஒட்டிய பாப் மகினா முற்றமும் மாளிகைத் தோட்டங்களும் அதற்கு அரங்குகள். விழாவுக்குச் செல்வோர் ஓர் அரங்கிலிருந்து மற்றோர் அரங்குக்கு நடந்து, பாட்டோடு நகரையும் கண்டு திரும்புகின்றனர். ஆயினும் அவ்விடங்கள் வேறு பயனுக்காக எழுந்தவை. இசை பின்னர் வந்து குடியேறியது. பெயராலேயே இசைக்கு உரியதாய், அருகப் பெருமான் திருமுன் எழுப்பப்பட்ட மண்டபம் ஒன்று பென்னலூரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் நிற்கிறது. தொழிற்சாலைப் பணியின் பொருட்டு இப்பகுதியில் குடியேறிய நம் குடும்பங்களுள் அதனைக் காணாதவை இன்னும் உண்டு.

காஞ்சி மாநகரில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருக்களைக் கடந்து சென்றால், வேகவதிக் கரையில் திருப்பருத்திக்குன்றம். முன்னோர் சினகாஞ்சி என்றழைத்த ஊர் இதுவே. பல்லவர் காலப் பாணியில் அமைந்த சந்திரப்பிரபர் ஆலயம் ஒருபுறம். திரைலோக்கியநாதர் எனப் போற்றப்படும் வர்த்தமானர் ஆலயம் மறுபுறம். பின்னதன் முன்னே விரிந்திருப்பதே சங்கீத மண்டபம். விசயநகர வேந்தர் இரண்டாம் அரிகரர் காலத்துத் தண்டநாயகர் இருகப்பர், தம் குரு புட்பசேனரின் சொற்படி 1387-88இல் அதனை எடுப்பித்தார் எனக் கல்வெட்டு கூறுகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1382இல், இவ்வாலயத்துக்கு மகேந்திரமங்கலம் என்னும் ஊரையும் அவர் அளித்திருந்தார். அம்பியில் குந்துநாதருக்கு ஆலயம் எடுத்தவரும் அவரே. படை நடத்தியவர், நானார்த்த ரத்தினமாலை என்னும் வடமொழி நிகண்டும் அவர் பெயரால் வழங்குகிறது.

இசை புலனின்பம், துறவு நெறிக்கு அதனோடு என்ன உறவு என்று கேட்பாரும் உளர். தீர்த்தங்கரர்க்குரிய எட்டுப் பிராதிகாரியங்களுள் தேவதுந்துபி ஒன்று, திவ்வியத்துவனி மற்றொன்று. எட்டில் இரண்டு செவிக்கு உரியவை. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையின் யாழ்ப் போட்டிக்கு வந்த சீவகன், தன்முன் வைத்த வீணைகளின் மரக் குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறான்: இது நீரில் நின்று கெட்ட மரம், இது இடி விழுந்த மரம் என்று. அதனைப் பாடிய திருத்தக்கதேவர் முற்றத் துறந்த முனிவர்.

இதனினும் ஆழமானது நீலாஞ்சனையின் வரலாறு. ஆதிநாதர் அரசவையில் வீற்றிருக்க, இந்திரன் ஏவலால் நீலாஞ்சனை என்னும் தேவமகள் ஆடுகிறாள். ஆடும்போதே அவள் ஆயுள் முடிகிறது. அவை கலங்காதிருக்க, இந்திரன் அக்கணமே அவளைப் போன்ற வேறொருத்தியை அவ்விடத்தில் நிறுத்துகிறான். தாளம் பிசகவில்லை, அவையினர் எவரும் அறியவில்லை. ஆதிநாதர் ஒருவர் மட்டும் அறிந்தார். அறிந்தவர் அரசு துறந்தார். அன்று அவையிலிருந்த அனைவரும் ஒரே ஆடலையே கண்டனர். ஊன்றிக் கண்டவர் ஒருவரே.

சங்கீத மண்டபத்தின் விதானத்தில் அந்த ஆதிநாதரின் வாழ்வும், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகளும் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. இவை மண்டபத்துக்குக் காலத்தால் பிந்தியவை. சென்னை அருங்காட்சியகத்தின் வெளியீடாக டி. என். இராமச்சந்திரன் 1934இல் எழுதிய நூல் இவ்வோவியங்களை ஆய்வுலகுக்கு அறிமுகம் செய்தது. அது நன்மையே. ஆனால் அதன்பின் இம்மண்டபம் ஓவிய மண்டபம் ஆகிவிட்டது. வருவோர் அண்ணாந்து நோக்குகின்றனர், கைப்பேசியில் படம் எடுக்கின்றனர், புறப்படுகின்றனர். மண்டபத்தின் பெயர் எதனால் வந்தது என்று வினவுவோர் அரியர்.

காஞ்சியில் இசைக்கு வேறு இடங்களும் இருந்தன. சென்ற நூற்றாண்டில் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை தம் ஊரில் நடத்திய தியாகராசர் உற்சவம் பெரும் பாடகர்களை ஈர்த்தது. (பெயரைக் கண்டு அவரை நம் நயினார் மரபினர் என எண்ணிவிட வேண்டா.) அந்த உற்சவத்தின் நினைவு இசையுலகில் இன்றும் பேசப்படுகிறது, இருகப்பர் மண்டபத்தில் ஒலித்த பாடல்கள் எவை என்று சொல்வார் இல்லை.

நம்மிடம் பாடல்கள் இல்லாமல் இல்லை. மயிலை நேமிநாதர்மேல் அவிரோதி ஆழ்வார் பாடிய திருநூற்றந்தாதி உண்டு. உதீசித்தேவரின் திருக்கலம்பகம் உண்டு. சொல் அச்சேறியது, எனவே அழியாது. பாடும் மெட்டு அச்சில் ஏறுவதன்று. பாட்டியின் வாயிலிருந்து பெயர்த்தியின் செவிக்கு ஏற வேண்டியது. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பாட்டியும், திருப்பெரும்புதூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் பெயர்த்தியும் வாழும் காலம் இது. இருவரும் கூடுவது விழா நாள்களில் மட்டுமே என்றாகிவிட்டது. அத்தகைய விடுமுறை நாள் ஒன்றில் இருவரையும் திருப்பருத்திக்குன்றத்துக்கு அழைத்துச் செல்வது அரிதன்று.

காலையில் புறப்படுவது நலம். வெயில் ஏறுமுன் மண்டபத்துத் தரை குளிர்ந்திருக்கும். பொழுது சாயுமுன் இல்லம் திரும்பி உணவும் கொள்ளலாம். ஓவியங்களை ஒளிவீச்சின்றிக் காண்க. தூண்களில் சாய வேண்டா. கண்டு முடித்ததும் எழுந்துவிடாமல், கருவறையை நோக்கித் தரையில் அமர்ந்து, பாட்டி அறிந்த ஒரு செய்யுளை அவர் அறிந்த மெட்டிலேயே பாடச் சொல்லிக் குழந்தைகள் பின்பாடட்டும்.