உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் சொந்த ஊரில் செல்போன் சர்வீஸ் கடை வைக்கும் யோசனையில் இருப்பதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். நானும் அதே மேசையில் உட்கார்ந்து பிழைப்பவன். அதனால் கடை வைக்க நினைப்பவர்களிடம்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன்.

கடை திறந்ததும் அதிகம் கேட்கப்போகும் புகார், "சார்ஜ் ஏறலை." பல போன்களில் கோளாறே இருக்காது. சட்டைப்பையின் நூல்தூசி சார்ஜிங் போர்ட்டுக்குள் போய் அழுந்திக் கெட்டித்திருக்கும். ஒயரைச் சொருகினால் கடைசிவரை உட்காராது, லேசாக ஆடும். போனை அணைத்து, வெளிச்சத்தில் பிடித்து, மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் எடுத்தால் சாம்பல் நிறத் திட்டாக வெளியே வரும். ஊசியை மட்டும் விடாதீர்கள், உள்ளே இருக்கும் பின் வளைந்துவிடும்.

அந்தத் தூசியை எடுத்துவிட்டு, "சார்ஜிங் போர்டு மாத்தியிருக்கேன்" என்று பணம் வாங்கினால் வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. இந்தத் தொழிலின் பெரிய சோதனை இதுதான். மூடியைக் கழற்றிய பிறகு நடப்பது எதையும் அவர் சரிபார்க்க முடியாது. நீங்கள் சொல்வதுதான் அவருக்கு உண்மை. தூசி என்றால் தூசி என்றே சொல்லுங்கள். எடுத்ததற்கு ஒரு சிறு கூலி கேளுங்கள், மனம் கோணாமல் கொடுப்பார். டிஸ்ப்ளே மாற்றினால் ஒரிஜினலா காப்பியா என்பதை வாயால் சொன்னால் போதாது, பில்லிலும் எழுதுங்கள்.

செத்துப்போன போனிலும் இதே நேர்மை வேண்டும். நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதுபோல, ஐசி ஐசியாக மாற்றிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவெல்லாம் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு பவர் சப்ளையில் 4 வோல்ட் கொடுங்கள். பட்டனை அழுத்தும் முன்பே ஆம்பியர் ஏறுகிறதென்றால் மெயின் லைனில் ஷார்ட் என்று சந்தேகப்படலாம். போர்டின் மேல் ரோசின் புகையைப் படியவிட்டால் வெள்ளையாக ஒரு படலம் பிடிக்கும். பிறகு கரண்ட் கொடுத்தால், சூடாகும் கெப்பாசிட்டரின் மேல் மட்டும் அந்தப் படலம் உருகிக் கருப்புப் புள்ளி தெரியும். அந்தக் கெப்பாசிட்டரின் விலை அற்பம். அதைக் கண்டுபிடித்ததற்குத்தான் கூலி, அதைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைத்துவைத்து மூன்றாம் நாள் கொண்டுவருவார்கள். அதற்குள் போர்டில் பச்சை பூத்திருக்கும். சார்ஜில் போடாமல், அணைத்து, உடனே கொண்டுவரச் சொல்லி ஊருக்கே பழக்குங்கள்.

இனி முதலீடு. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரை ஈடில்லாமல் கடன் வாங்கலாம். அந்தப் பணத்தைக் கண்ணாடிக் கதவிலும் விளக்குப் பலகையிலும் கொட்டாதீர்கள். நல்ல பவர் சப்ளை, மல்டிமீட்டர், ஹாட் ஏர், மைக்ரோஸ்கோப் முதலில் வரட்டும். டிஸ்ப்ளேக்களை வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். மாடல் பழசானால் போட்ட பணம் பெட்டியிலேயே தூங்கும். உங்கள் ஊரில் அதிகம் புழங்கும் மாடல்களுக்கு மட்டும் பேட்டரியும் சார்ஜிங் போர்டும் வைத்துக்கொண்டு, மற்றதைத் தேவைப்படும்போது சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைக்கலாம். மேசைக்கடியில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். உப்பிய பேட்டரியைக் கழற்றும்போது தீப்பிடித்தால் அது வேண்டியிருக்கும்.

பழைய போனை விலைக்கு வாங்கும்போது, அது தடைசெய்யப்பட்ட போனா என்று தெரிந்துகொள்ள *#06# அடித்து, வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை கேஒய்எம் என்ற எழுத்துகளோடு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். அந்த எண்ணை மாற்றித் தரச்சொல்லி யாராவது வந்தால், எவ்வளவு கொடுத்தாலும் தொடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒன்று. கைக்கு வரும் போனில் குடும்பப் படங்களும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. பேட்டரி மாற்ற பாஸ்வேர்டு எதற்கு? கேட்காதீர்கள். டச், கேமரா சரிபார்க்க வேண்டுமா, அவரையே திறக்கச்சொல்லி அவர் கண்முன்னே பாருங்கள். சாம்சங்கின் பல மாடல்களில் மெயின்டனன்ஸ் மோடு இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் படங்களும் செய்திகளும் நம் கண்ணில் படாது. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது, நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

போன் பழுதானாலும் கடையில் கொடுக்க அஞ்சி, உடைந்த திரையோடே மாதக்கணக்கில் ஓட்டும் பெண்களை எனக்குத் தெரியும். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் மாணவியருக்குச் சொல்கிறேன்: நீங்கள் கடை வையுங்கள். சோல்டரிங் அயர்ன் பிடிக்கும் கையில் ஆண் பெண் இல்லை. உங்கள் ஊரில் அந்தப் பெண்கள் போனை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இருக்கிறார்கள். அவர்கள்தான் உங்கள் முதல் வாடிக்கையாளர்கள்.